பெண் கேட்டு வந்தவர்கள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் அஸ்ரத், அவர் மனைவி வொர்க்கினேஷ், அவர்களுடைய ஒரே மகள் மெசெரெட். வந்தவர்கள் மூவர்: தேவாலயப் பாதிரியார் தெக்லே, டெலிகிராஃப் சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷிஃபெராவ், சமுதாயக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் லாம் என்ற வியத்நாம்காரர். எதிர்வீட்டு அம்மாள் தானும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் இல்லை. அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஓக்லாந்தில் இருக்கும் எத்தியோப்பியர்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டும். அது ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போவதற்குள் கைகால் முளைத்துவிடும். இது ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

அஸ்ரத் சொன்ன சொல் மாறாதவர். அதற்கு அவர் என்ன பாடு பட்டார் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியும். எத்தியோப்பியாவில் டெஸ்ஸி நகரில் சாலை போடும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தபோது, வராத சிமெண்டை வந்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அடுத்த மாதமே மாற்றல் வந்தது. உப்பும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லாத தாழ்நிலத்தில், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, நான்கு வருஷம் தனியாகக் கிடந்தார். போகும்போது கறுத்திருந்த தலை திரும்பி வரும்போது வெளுத்திருந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

பிற்பாடு விசா குலுக்கலில் பெயர் விழுந்து குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். நகரின் நடுவில் ஐந்தடுக்குக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே யார் வாயிலும் அவர் பெயர் நுழையவில்லை. மேலாளர் ‘ஆஸி’ என்று சுருக்கி, அதையே ஒரு வில்லையில் அடித்து அவர் சட்டையில் குத்திவிட்டார். கார்க்காரர்கள் அந்தப் பெயரையும் சொல்வதில்லை, சாவியை நீட்டுவதோடு சரி. அஸ்ரத் இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினமும் வீட்டுப் படியில் கால் வைப்பதற்கு முன் அந்த வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

மெசெரெட் வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம்தான் வழியை மறித்தது. முதல் கணக்குத் தேர்வில் ஒரு கேள்வி பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி இருந்தது. எதை எதால் வகுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். யார் எதற்காக ஓடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு, தேர்வு முடிந்ததும் ஆசிரியரிடம் போய் நின்றாள். மதிப்பெண் கேட்கவில்லை, அந்த ஆட்டத்தை விளக்கச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, தானும் அகதியாகப் படகில் வந்தவன்தான், தனக்கே அது பத்து வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது என்றாராம். அந்த ஆசிரியர்தான் லாம்.

இதை அவள் வீட்டில் சொன்னபோது வொர்க்கினேஷ் விழுந்து விழுந்து சிரித்தாள். அஸ்ரத் சிரிக்கவில்லை. மறுநாள் கார் நிறுத்துமிடத்துக் காவலாளியிடம் அந்த ஆட்டத்தின் விதிகளைக் கேட்டுவந்து, சாப்பாட்டு மேசையில் உப்புக்கிண்ணம், கரண்டி எல்லாம் வைத்து மகளுக்கு விளக்கினார். அவர் கேட்டுவந்ததில் பாதி தப்பு. அது இரண்டு பேருக்கும் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு வருஷப் படிப்பு அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது. ஆங்கில வகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டியிருந்தது. விடியும் முன்பே எழுந்து பேருந்தில் பாடத்தைக் காதில் கேட்டபடி போவாள். வகுப்பு முடிந்ததும் கல்லூரியிலேயே மற்றப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அறையில் வேலை. பொழுது சாய்ந்து வீடு திரும்பினால் அம்மாவுக்கு இஞ்செரா என்னும் புளித்த தோசை சுட்டுக் கொடுப்பாள். எந்த நாளும் முகம் சுளித்தவள் இல்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு அஸ்ரத் மனசுக்குள் தலை நிமிர்ந்துதான் நடந்தார். பிள்ளையின் முகத்துக்கு நேரே புகழ்வது அவர் வழக்கமில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை, சாப்பிட உட்காரும்போது மெசெரெட் கைபேசியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். சான் டியேகோவில் உள்ள பல்கலைக்கழகத்துக்குத் தனக்கு மாற்றல் கிடைத்துவிட்டது என்றாள்.

அஸ்ரத் பிய்த்த இஞ்செராவைத் தட்டிலேயே போட்டார்.

“என்ன தப்பு பண்ணின?”

“தப்பா? ஒரு தப்பும் பண்ணலப்பா.”

“பின்ன எதுக்கு உன்ன மாத்துறாங்க? யாரு கையெழுத்து கேட்டா? எதுல போட மாட்டேன்ன?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த ஊரில் மாற்றல் என்றால் தண்டனை இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். சமுதாயக் கல்லூரியில் படித்ததை அப்படியே கணக்கில் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருஷத்தில் உட்காரவைப்பார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடாது. அவள் படிக்கப்போவது கட்டடங்களைப் பற்றி. அங்கே ஒரு பெரிய இரும்பு மேடை இருக்கிறது. அதன்மேல் உண்மையான வீட்டையே கட்டி, பூகம்பம் போல ஆட்டிப் பார்ப்பார்கள். எது விழுகிறது, ஏன் விழுகிறது என்று கண்ணால் பார்த்துப் படிக்கலாம்.

அஸ்ரத் முழுக்கக் கேட்டார். அந்த மேடையைப் பற்றிச் சொன்னபோது அவர் கண் ஒரு நிமிஷம் விரிந்தது. வராத சிமெண்டில் கட்டிய பாலம் ஒன்று அவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பிறகு அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். பேருந்தில் ஒரு முழுப் பகல். அங்கே சொந்தம் யார் என்றார். யாரும் இல்லை. ஓக்லாந்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பல்கலைக்கழகமும் அவளை எடுத்திருந்தது. அங்கே வீட்டிலிருந்தே போய் வரலாம், ஆனால் அவள் கேட்ட இந்தப் படிப்பு கிடையாது.

“அப்ப அங்கயே எதையாவது படி,” என்றார்.

“எதையாவது படிக்கவாப்பா மூணு வருஷம் கஷ்டப்பட்டேன்?”

அவள் குரல் உயரவில்லை. அதுவே அவருக்கு இன்னும் சுருக்கென்றது. எழுந்து நின்றார்.

“நல்லாக் கேட்டுக்கோ. இந்த வீட்டுப் பொண்ணு தன்னிஷ்டத்துக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறது கிடையாது. முறையாப் பெரியவங்க வந்து நின்னு, எங்கிட்ட கேட்டு, நான் சரின்னாத்தான் நீ இந்த வாசலைத் தாண்டுவ. அதுதான் நம்ம வழக்கம்.”

மெசெரெட் அப்பாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக மனசில் வாங்கிக்கொள்கிறவள் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வொர்க்கினேஷ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் முதல் தேதிக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், தவறினால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மே மாதம் முழுக்க யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மகள் வழக்கம்போல எழுந்தாள், போனாள், வந்தாள். அப்பாவுக்குக் காப்பி கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் அஸ்ரத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வந்து உடை மாற்றப் போனவரை வொர்க்கினேஷ் தடுத்து, அந்த வெள்ளை உடையே இருக்கட்டும் என்றாள். வீட்டில் கோழிக்குழம்பு வாசனை அடித்தது. பண்டிகை ஒன்றும் இல்லையே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

திறந்தார். பாதிரியார் தெக்லே, கையில் சிலுவை. பக்கத்தில் ஷிஃபெராவ், கையில் அவருக்குத் தேவையே இல்லாத ஒரு கைத்தடி. பின்னால் மெலிந்த ஒரு வியத்நாம்காரர், அவர்களைப் போலவே வெள்ளைப் போர்வை போர்த்தி நின்றார். அவர் போர்வையின் கரை மட்டும் மேலே வந்து கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அப்படிப் போர்த்துவார்கள்.

அஸ்ரத் கதவைப் பிடித்துக்கொண்டார். “யாரு போயிட்டாங்க?” என்றார்.

ஷிஃபெராவ் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “யாரும் போகல தம்பி. இவரு தலைகீழாப் போர்த்திக்கிட்டாரு. படியேறுறப்ப கவனிக்காம விட்டுட்டேன்.” சொல்லிக்கொண்டே லாமின் போர்வையை உருவி, கரை கீழே வரும்படி திருப்பிப் போட்டுவிட்டார். லாம் குழந்தையைப் போலக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மூவரும் உள்ளே வந்தார்கள். அஸ்ரத் நாற்காலிகளைக் காட்டினார். யாரும் உட்காரவில்லை. மறுபடி சொன்னார். பாதிரியார் மெல்லத் தலையசைத்தார். “வந்த காரியம் முடியாம உட்கார மாட்டோம், அஸ்ரத்.”

அப்போது அஸ்ரத்துக்குப் புரிந்தது. பெரியவர்கள் மூவர் வெள்ளை போர்த்தி வந்து உட்காராமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். மகளுக்கு இருபத்தொரு வயதாகிவிட்டது என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. உடம்பை நிமிர்த்திக்கொண்டார். இப்படிப்பட்ட நேரத்தில் தகப்பன் கேட்கவேண்டிய கேள்விகளை அவருடைய அப்பா அவருடைய அக்காவுக்காகக் கேட்டதை அவர் பார்த்திருக்கிறார். அதே வரிசையில் கேட்டார்.

“எந்த வீட்டுக்காகக் கேக்குறீங்க?”

“தெக்க, கடலோரம் ஒரு பெரிய வீடு,” என்றார் பாதிரியார்.

“நிலம் நீச்சு?”

“கண்ணுக்கு எட்டுற வரைக்கும் அவங்களுதுதான்,” என்றார் ஷிஃபெராவ்.

“பழைய குடும்பமா?”

“இந்த ஊருக்குப் பழசுதான். நம்ம கணக்குல நேத்துப் பொறந்தது.”

“கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?”

ஷிஃபெராவ் இருமினார். “அது கொஞ்சம் பெரிய குடும்பம் தம்பி. ஒரு நாப்பதாயிரம் பேரு இருப்பாங்க.”

அஸ்ரத் ஷிஃபெராவைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார், சமையலறைக் கதவைப் பார்த்தார். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. ஏப்ரலில் தான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அவர் காதில் திரும்ப விழுந்தது.

முகம் இறுகியது. “என் வீட்டுக்கே வந்து என்னைக் கேலி பண்றீங்களா? எங்க அப்பா காலத்து வழக்கத்தை வெச்சு விளையாடுறீங்களா?”

பாதிரியாரும் முதலில் இதைத்தான் கேட்டிருக்கிறார். இது பின்னால் தெரியவந்த விஷயம். மெசெரெட் நேராக ஷிஃபெராவின் கடைக்குப் போய், அப்பா சொன்னதைச் சொல்லி, பெரியவர்கள் வேண்டும் என்று கேட்டாள். ஷிஃபெராவ் மிளகாய்ப்பொடி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அஸ்ரத்தின் வார்த்தையை மதிக்கிறவள் நீ ஒருத்திதான் என்றார். பாதிரியார் மட்டும் யோசித்தார். உண்மையாகவே கேட்கிறாயா, கேட்டு இல்லையென்றால் அடங்கிப்போவாயா என்று அவளிடம் கேட்டார். அடங்கிப்போவேன் என்றாள். அதற்குப் பிறகுதான் சிலுவையைக் கையில் எடுத்தார்.

அதையே இப்போதும் சொன்னார். “பெரியவங்க வந்து கேக்கணும்னு சொன்னது நீ. வந்திருக்கோம், கேக்குறோம். உன் பொண்ணு இந்த வாசலைத் தாண்டி ஓடியிருக்கலாம். இந்த ஊர் சட்டம் அவளைத் தடுக்காது. அவ உன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு எங்களை அனுப்பியிருக்கா. நீ இல்லைன்னு சொன்னா நாங்க திரும்பிப் போயிடுவோம். இதுல கேலி எங்க இருக்கு?”

அஸ்ரத்துக்கு இன்னும் கோபம் இருந்தது, ஆனால் அதைப் போட ஓர் இடம் இல்லை. பார்வை லாமிடம் போனது. அவர் ஒரு காலை லேசாகத் தூக்கி, சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் ஏதோ கோளாறு. அஸ்ரத் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்க உட்காருங்க சார். உங்களுக்கு எங்க வழக்கம் கிடையாது.”

“உட்காரக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க,” என்றார் லாம். “இவங்க நிக்கிறப்ப நான் எப்படி உட்கார?”

அஸ்ரத்துக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அவர் யார், இதில் அவருக்கு என்ன அக்கறை என்று கேட்டார்.

லாம் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றார். “எங்க காலேஜ்ல அஸ்ரத்தைத் தெரியாதவங்க கிடையாது சார்.”

“என்னையா? என்னை எப்படித் தெரியும்?”

“உங்களை இல்ல, அஸ்ரத்தை. உங்க பொண்ணை.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் புரியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஷிஃபெராவ்தான் நடுவில் வந்தார். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வருவது தகப்பனின் சொந்தப் பெயர் என்று லாமுக்கு விளக்கினார். மெசெரெட் அவள் பெயர், அஸ்ரத் இவர் பெயர். இந்த ஊர்க்காரர்கள் பின்னால் வருவதைக் குடும்பப் பெயர் என்று எண்ணி அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள்.

லாம் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, “அப்படின்னா மூணு வருஷமா நான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தது உங்களைத்தான்,” என்றார். “இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன்.”

அதன் பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த அறைக்கு மெக்சிகோ பையன்கள் வருவார்கள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் வருவார்கள், பேரப்பிள்ளை எடுத்த சீனத்து அம்மாள் ஒருவரும் வருவார். எல்லாரும் வாசலிலேயே கேட்பது ஒன்றுதான்: இன்று அஸ்ரத் இருக்கிறாரா? அஸ்ரத் இல்லையென்றால் சிலர் காத்திருப்பார்கள். வகுப்பில் விடையைப் பற்றிச் சண்டை வந்தால், அஸ்ரத் என்ன சொன்னார் என்று கேட்டு முடித்துக்கொள்வார்கள்.

போன வருஷம் நடந்த ஒன்றையும் சொன்னார். பௌதிகச் சோதனை ஒன்றை நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது. ஓர் அளவை எடுக்க மறந்துவிட்டு, மற்ற மூவரும் கையாலேயே ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிட்டார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், ஆசிரியருக்குத் தெரியாது என்றார்கள். இவள் அதில் தன் பெயரைச் சேர்க்க விடவில்லை. முழு மதிப்பெண்ணும் போனது.

“ஏம்மா, நீயே உன் மார்க்கைக் கெடுத்துக்கிட்டியேன்னு கேட்டேன். ‘அதுல போட வேண்டியது என் பேர் மட்டும் இல்ல சார், எங்க அப்பா பேரும்’னு சொன்னா. அவ ஏன் அப்படிச் சொல்றான்னு எனக்கு அப்ப விளங்கல. இப்ப விளங்குது.”

சமையலறையில் காப்பிக்கொட்டை வறுபட்டு வெடிக்கும் ஓசை கேட்டது.

அஸ்ரத்தின் கை தன்னையறியாமல் சட்டைப்பையின் மேல் போய் நின்றது. வேலைநாளாக இருந்தால் ‘ஆஸி’ என்ற வில்லை கிடக்கும் இடம் அது. முன்பொரு காலத்தில் பேனாவைச் செருகிக்கொண்ட இடமும் அதுதான். மகளிடம் அந்த சிமெண்டுக் கதையை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வொர்க்கினேஷ் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊரில் தன் பெயர் செத்துவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். அவருக்குத் தெரியாமல், அவர் கால் வைக்காத அறைகளில், மூன்று வருஷமாக ஜனங்கள் அதைக் கேட்டு வாசலில் காத்திருந்திருக்கிறார்கள்.

கேட்காமல் விட்டிருந்த கடைசிக் கேள்வியைக் கேட்டார். பெண் கொடுக்கும்போது தகப்பன் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

“அங்க அவளுக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு? யாரு ஜாமீன்?”

“நான்,” என்றார் பாதிரியார். அந்த ஊர் தேவாலயத்துப் பாதிரியார் தன்னோடு படித்தவர், ஞாயிறுதோறும் அவள் சாப்பாடு அவர் வீட்டில்தான் என்றார்.

“நானும்,” என்றார் ஷிஃபெராவ். “மாசாமாசம் சரக்கு எடுக்க அந்தப் பக்கம் வண்டி போகுது.”

லாம் கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல. “நான் மூணாவது ஜாமீன்.”

அப்போது வொர்க்கினேஷ் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். கையில் வறுத்த கொட்டையின் புகை எழும்பும் தட்டு. “சாருக்குக் கால் நடுங்குது. பதிலைச் சொல்லிட்டு உட்கார வெச்சா நான் காப்பியை இறக்குவேன்.”

அஸ்ரத் தயங்கினார். பதில் அவர் மனசில் ஏற்கெனவே உருவாகிவிட்டது. தடுத்தது வேறு. முதல் தடவை கேட்டதுமே எந்தத் தகப்பனும் பெண்ணைக் கொடுப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும், அவர்கள் இன்னொரு நாள் மறுபடியும் வர வேண்டும். கேட்ட வாய் மூடும் முன் கொடுத்தால் பெண் மலிவாகிவிடுவாள். அவருடைய அக்காவுக்கு மூன்று தடவை வந்தார்கள்.

இதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். ஷிஃபெராவ் கைத்தடியைத் தரையில் தட்டினார். “தம்பி, அந்த வீட்டுக்காரங்க ஒண்ணாந் தேதி கதவைச் சாத்திடுவாங்க. ரெண்டாந் தரம் வர நாளே இல்ல.”

அஸ்ரத் ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் அலுவலகத்து எழுத்தரின் கண்டிப்பு வந்திருந்தது.

“யோசிக்கணும். போயிட்டு இன்னொரு தடவை வாங்க.”

பாதிரியார் அதிர்ந்துபோனார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது.

“கீழ கேட் வரைக்கும் போனா போதும்,” என்றார் அஸ்ரத். “ஆனா போகணும்.”

ஷிஃபெராவுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார். பாதிரியார் சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அஸ்ரத் லாமிடம், முழங்காலோடு நீங்கள் இறங்கி ஏற வேண்டாம், இங்கேயே இருங்கள் என்றார். லாம் ஒப்புக்கொள்ளவில்லை. “அப்புறம் ரெண்டு பேர்தான் வந்தாங்கன்னு சொல்லுவாங்க,” என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அஸ்ரத் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூன்று வெள்ளைப் போர்வைகள் கேட்டுக்கு வெளியே போய் நின்றன. ஷிஃபெராவ் லாமின் கரையை மறுபடி சரிசெய்தார். தெருவில் போன ஒரு பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். பிறகு மூவரும் திரும்பினார்கள். படியில் மெல்ல ஏறிவரும் காலடிகளை அஸ்ரத் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் காலடி மேலே வந்து சேரும்வரை காத்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. திறந்தார்.

“உன் மகள் மெசெரெட்டைக் கேட்டு வந்திருக்கோம்,” என்றார் பாதிரியார்.

“உட்காருங்க,” என்றார் அஸ்ரத்.

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் தகப்பன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. லாமை அவரே கையைப் பிடித்து நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். வொர்க்கினேஷ் காப்பியை இறக்கினாள். வழக்கப்படி மூன்று சுற்றும் ஊற்றினாள். மூன்றாவது சுற்றில் பாதிரியார் ஆசீர்வாதம் சொன்னார். கோழிக்குழம்பில் முட்டை உள்ள பங்கை அஸ்ரத் தன் கையாலேயே இஞ்செராவில் சுருட்டி லாமின் வாயில் ஊட்டினார். லாம் தன் கண் கலங்கியது காரத்தினால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அஸ்ரத் கூப்பிட்டார். வீட்டில் ஒருநாளும் கூப்பிடாத விதமாக, முழுப்பெயர் சொல்லி. “மெசெரெட் அஸ்ரத்.”

அவள் வந்து நின்றாள். மாவு கையில் ஒட்டியிருந்தது.

“அங்கயும் உன்ன அப்படித்தான் கூப்பிடுவாங்களா?”

“ஆமாப்பா.”

“சரியாச் சொல்லுவாங்களா?”

“சொல்ல வெப்பேன்பா.”

அவர் தலையசைத்தார். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். நம் மொழியில் மெசெரெட் என்றால் அஸ்திவாரம். அதை அவர் அன்று யாருக்கும் விளக்கவில்லை. லாமுக்கு ஷிஃபெராவ் வழியில் சொல்லியிருப்பார்.

செப்டம்பரில் மெசெரெட் தெற்கே போனாள். ஷிஃபெராவின் சரக்கு வண்டியில், ஒரு பக்கம் அம்மா கொடுத்த மிளகாய்ப்பொடி, மறுபக்கம் லாம் கொடுத்த கணக்குப் புத்தகங்கள். முதல் பருவத்திலேயே அந்த இரும்பு மேடையின் அருகே நின்று எடுத்த படத்தை அனுப்பினாள். தலைக்கவசத்தின் முன்புறம் பெரிய எழுத்தில் அவள் பெயர் எழுதியிருந்தது. அது அஸ்ரத்தின் பெயர்தான். அந்தப் படத்தை அவர் வேலையிடத்துக்குக் கொண்டுபோய் மேலாளரிடம் காட்டினார். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னார். மேலாளர் இரண்டு தடவை தடுமாறி மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார். வில்லை இப்போது மாறியிருக்கிறது.

தேவாலயத்தில் பேச்சு கிளம்பியது கிளம்பியதுதான். அஸ்ரத்தின் பெண்ணைத் தெற்கே கடலோரப் பணக்காரக் குடும்பம் ஒன்றுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று சிலர் பேசினார்கள். வாழ்த்துச் சொன்னவர்களுக்கு அஸ்ரத் நன்றி சொல்லிவிட்டு, மூன்றாம் ஆண்டு, கட்டடப் பொறியியல் என்று மட்டும் சொன்னார். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

எதிர்வீட்டு அம்மாள் சொல்லிக்கொண்டு திரிவதுதான் தப்பு. அஸ்ரத் அவ்வளவு வீராப்புப் பேசிவிட்டு, முதல் தடவை கேட்டதுமே பெண்ணைக் கொடுத்துவிட்டாராம்.

அப்படி நடக்கவில்லை. பெரியவர்கள் இரண்டு தடவை வந்தார்கள்.